குண்டு பல்பு வெளிச்சத்தைப் பங்கு வைத்தபோது

இதில் ஓர் ஆள் ஏமாறப்போகிறார். சும்மா ஏமாறுவது இல்லை. முழுசாக, வாய் திறந்தபடி, சிப்பித்துறை டீக்கடையில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே டீ ஆற்றுகிற அளவுக்கு ஏமாறப்போகிறார். யார் என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போதே சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், அப்புறம் வெளிச்சத்தின் சங்கதியை யார் கேட்பது? சிரிப்பை ஐஸ் போட்டு வைத்திருக்கிறேன், கெட்டுப்போகாது. முதலில் பல்பு மாட்டுவோம்.

அதற்கும் முன்னால் நான். பெயர் ஜெனிட்டா. அந்த வருடம் பிளஸ் ஒன் முடித்திருந்தேன். ஊரில் என்னை யாரும் ஜெனிட்டா என்று கூப்பிடுவதில்லை, ரேடியோ என்பார்கள். ஒருதரம் காதில் விழுந்த குரல் என் தொண்டையில் வாடகை கொடுக்காமல் குடிவந்துவிடும். பங்குச் சாமியார் பூசையில் இருமுகிற இருமலை மதிலுக்குப் பின்னால் நின்று நான் இருமினால் உபதேசியார் வெந்நீர்ச் செம்போடு ஓடி வருவார். படகு முதலாளி மோத்தாவின் குரலில், "ஏல, டீசல் மூடிய எவன்ல தொறந்து போட்டவன்?" என்று கத்தினால், தூங்கிக்கொண்டிருக்கும் ஆம்பிளைகள் கைலியைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவார்கள். படகு வந்து அணைகிற ஜெட்டியில் ஊரே கண்ணை அகல விரித்து நிற்கும்போது நான் ஒருத்திதான் கண்ணை மூடிக்கொண்டு குரல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். சரி, பல்பு.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலை மறந்து கரையேறிக் கிடக்கும். பலகைக்குப் பெயின்ட், மெஷினுக்கு எண்ணெய், ஆள்களுக்குத் தூக்கம் என்று எதெதற்கு எது பற்றாக்குறையோ அது கிடைக்கிற காலம். அப்போதுதான் மோத்தா முதலாளி தன் 'அமலோற்பவம்' படகுக்குள் எரிகிற குண்டு பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு எல்இடி மாட்டுவதென்று முடிவு செய்தார். காரணம் வெட்கம். ஆள்கள் படுக்கிற அறையிலும் டிரைவர் கேபினிலும் மெஷின் ரூமிலும் எரிந்த குண்டு பல்புகள் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிட, நடுக்கடலில் மெஷின் கிளம்பாமல், அமலோற்பவத்தை வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. இழுத்து வந்தவர்கள் ஜெட்டி வரும்வரைக்கும் கல்யாணப் பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

வயர்மேன் பேச்சிமுத்து உள்ளே இறங்கினார். பழைய பல்புகளைத் திருகிக் கழற்றிக் கோணியில் போட்டார், புதிய பல்புகளை மாட்டினார், சுவிட்சைத் தட்டினார். வெள்ளை வெளிச்சம் வந்தது. மஞ்சள் வெளிச்சம் போகவில்லை. பல்பு போன பிறகும், வயர் போன பிறகும், அது தரைப்பலகைக்கு மேல் முழங்கால் ஆழத்துக்குத் தேங்கி நின்றது, பால் சேர்க்காத டீயின் நிறத்தில், லேசாக அசைந்துகொண்டு. வெள்ளை வெளிச்சம் அதன்மேல் எண்ணெய் போல மிதந்ததே தவிரக் கலக்கவில்லை. பேச்சிமுத்து ஏணி ஏறி வெளியே வந்தபோது அவருடைய கால்சட்டை முழங்கால்வரை மினுங்கியது.

"முதலாளி, உள்ள வெளிச்சம் தேங்கிக் கெடக்கு."

"எம்புட்டு?"

"முழங்காலுக்கு."

மோத்தா முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அவ்வளவு வருசம் எரிஞ்சிருக்கு, தேங்காம என்ன செய்யும்? கோரி ஊத்தச் சொல்லு."

பெயின்ட் வாளிகளால் கோரி மணலில் ஊற்றினார்கள். மணல் குடிக்கவில்லை. வெளிச்சம் குட்டையாகக் கிடந்தது, அதில் இரண்டு நாய்கள் வந்து படுத்துக் கனவில் காலை உதைத்துக்கொண்டன. மூன்றாவது வாளியைக் கவிழ்க்கப்போகும்போதுதான் தெக்லா சித்தி குறுக்கே விழுந்தாள். அமலோற்பவத்தில் வலை இழுக்கிற லாசர் சித்தப்பாவின் பெண்டாட்டி அவள்; குரல், காய்ந்த ஓலையைக் கிழிக்கிற மாதிரி.

"ஏல, நிறுத்துங்கல! படகுல இருந்து எறங்குறது எதுன்னாலும் பங்கு வைக்கணும். இது என்ன புதுப் பழக்கம், மண்ணுல ஊத்துறது?"

"சித்தி, இது வெளிச்சம். மீனா?"

"கடலுக்குப் போயிட்டுத்தான வந்துருக்கு?"

கடலுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தது. அதனால் பங்கு வைத்தார்கள். மீனுக்கு எப்படியோ அப்படியே: படகுக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு, டிரைவருக்கு ஒன்றரை. அவரவர் எந்தப் பல்புக்குக் கீழே கிடந்தாரோ அந்த வெளிச்சம் அவரவர் வீட்டுக்கு என்று முதலாளி தீர்த்துச் சொன்னார். பெண்கள் எவர்சில்வர் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். வெளிச்சம் நிறைந்த குடம், வெறுங்குடத்தைவிடக் கொஞ்சம் கனம், தண்ணீர்க் குடத்தைவிட நிறையக் கனம் குறைவு. இடுப்பில் வைத்து நடந்தால் தளும்பி, முந்தானையில் பட்டு, போகிற வழியெல்லாம் மஞ்சள் புள்ளி விழும்.

டிரைவர் வீட்டுப் பங்குக்கு செலஸ்தீன் அத்தை வந்தாள். ஏலத்தில் மீனைத் தொடாமலே செவுள் நிறம் சொல்கிறவள், கண் அப்படி. டிரைவர் கேபின் வெளிச்சம் முழுக்க அவளுக்குத்தான்.

"எனக்கு எதுக்கு ஒன்றரை? படகு தண்ணியில எறங்குற அன்னைக்கு நான் பாம்பனுக்கு எங்கக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். வருடக்கணக்கான விஷயம். சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தப் பந்தியில், செலஸ்தீன் அத்தை பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த சீலா மீனை வாயில் வைத்துவிட்டு, அவள் வீட்டுக்காரர் கஸ்பார் மாமா, "இது ஐஸ் மீனு," என்று சொல்லிவிட்டார். பழைய மீன் என்று அர்த்தம், மீன்காரியை அதைவிடக் கேவலப்படுத்த முடியாது. "இனிமே என்ட்ட ஒரு வார்த்த பேசாதீரு," என்றாள் அத்தை. கஸ்பார் மாமா சொன்ன சொல் கேட்கிற மனுசன். பேசவில்லை. அன்றைக்கு நிறுத்தியவர்தான். அத்தை ஒரு வாரம் பார்த்தாள், ஒரு வருடம் பார்த்தாள், பூனையிடம் சொல்கிற மாதிரி "சோறு ஆறுது" என்பாள், அவர் வந்து சாப்பிட்டுப் போவார். பேசாதே என்று சொன்ன வாயால் பேசு என்று சொல்ல அவளுக்கும் மனசு வணங்கவில்லை. கடைசியில் அவள் கெடு வைத்தாள்: படகு இறங்குவதற்குள் அந்த மனுசன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை தன்னிடம் பேசினால் இருப்பது, இல்லாவிட்டால் போவது. கெடு வைத்ததையும் பூனையிடம்தான் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு கை கழுவப் போனார்.

சரி, வெளிச்சம் ஊருக்குள் வந்துவிட்டது, ஊர் அதற்குப் பழகவேண்டும் இல்லையா, பழகிற்று. கரண்ட் போனால் குடத்தின் தட்டைத் திறப்பார்கள். விருந்தாள் வந்துவிட்டால் பக்கத்து வீட்டில் போய், "ஒரு டம்ளர் வெளிச்சம் குடு, நாளைக்குத் தாரேன்," என்று வாங்கி வருவார்கள். கோயில் பங்கைச் சாமியார் தீர்த்தத் தொட்டியில் ஊற்றச் சொன்னார்; பூசை முடிந்து வருகிறவர்கள் நெற்றியில் மஞ்சள் சிலுவை மினுங்க வெயிலில் நடந்து போனார்கள். பிள்ளைகளின் முழங்கையெல்லாம் மஞ்சளாக இருக்கிறதே என்று காமாலை பார்க்க வந்த நர்சம்மா ஒவ்வொரு கண்ணாகப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "நோயில்ல, வெளிச்சம்தான். சோப்புப் போட்டுத் தேய்ங்க," என்றார். படகில் எல்இடி மாட்டுகிறார்களாமே, தடை செய்த லைட்டைப் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கத்தானே என்று விசாரிக்க மீன்துறை அதிகாரி ஒருவர் வந்தார். உள்ளே இறங்கி, தலைக்கு மேல் எரிகிற சின்ன பல்புகளைப் பார்த்தார், அப்புறம் வீடுகளில் குடங்களைப் பார்த்தார், தன் புத்தகத்தைப் புரட்டினார். "புது வெளிச்சத்துக்குத்தான் சட்டம் இருக்கு, பழைய வெளிச்சத்துக்கு ஒண்ணும் போடல," என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

வைக்க வைக்க வெளிச்சம் தெளிந்தது. கலங்கல் அடியில் இறங்க, மேலே தேனாய்த் தெளிந்து, சன்னலைச் சாத்தினால் குடத்திலிருந்து எழும்பிச் சுவரில் படர்ந்து, தான் இத்தனை வருடம் எதன்மேல் விழுந்துகொண்டிருந்ததோ அதையெல்லாம் திரும்பக் காட்ட ஆரம்பித்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வீடு வீடாகச் சன்னல்கள் சாத்தப்பட்டன. கடலுக்குப் போன ஆம்பிளைகள் கடலில் என்ன செய்தார்கள் என்பதை, கரையில் இருந்த பெண்கள் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தார்கள். கொட்டாவி விடுவதை, கருவாட்டைச் சுட்டுத் தின்பதை, ஒருத்தன் சட்டையை ஒருத்தன் போட்டுக்கொள்வதை, தூக்கத்தில் சிரிப்பதை, சீட்டு விளையாடும்போது காலால் சீட்டை மறைப்பதை. சில வீடுகளில் அன்றைக்குச் சாயந்திரம் சண்டை நடந்தது. சில வீடுகளில் காரணம் சொல்லாமல் முட்டை பொரித்துப் போட்டார்கள்.

ஒரே ஒரு குறை. வெளிச்சத்துக்குக் குரல் கிடையாது. சுவரில் வாய் அசையும், சத்தம் வராது.

இங்கேதான் நான் நுழைகிறேன்.

தெக்லா சித்தி வீட்டில் செலஸ்தீன் அத்தையோடு நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் லாசர் சித்தப்பா படுக்கைப் பலகையில் சாய்ந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் குடத்தின் பக்கம் போனேன், சங்கில் காது வைக்கிற மாதிரி அதில் காதை வைத்தேன், கண்ணைச் செருகினேன்.

"கேக்குது," என்றேன்.

"என்னட்டி கேக்குது?"

"சத்தம் அடியில கெடக்கு சித்தி. எனக்குக் கேக்குது."

இதைச் சொல்லும்போது எனக்குள் குதியாட்டம். காது வைத்தால் கேட்டதெல்லாம் குடத்தின் 'உம்ம்'தான். ஆனால் லாசர் சித்தப்பா என் தொண்டையில் தயாராக இருந்தார், மூக்கால் பேசுகிற அந்தக் குரலோடு. எடுத்துவிட்டேன்: "எப்பா... எம் பொண்டாட்டி வைக்கிற ரசத்தக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சுப்பா... அதுக்குப் படகைக் கழுவுன தண்ணி தேவலப்பா..."

பெண்கள் சிரித்த சிரிப்பில் குடம் தளும்பிற்று. வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த லாசர் சித்தப்பா உள்ளே பாய்ந்து வந்தார். "நான் எங்கட்டி ரசத்தச் சொன்னேன்? பல்லு வலி உயிர் போகுதுன்னுல்லா சொல்லிட்டுக் கெடந்தேன்!"

"பல்லு வலியா? வீட்டுல ஒரு வார்த்த சொன்னீரா? வாயத் தொறயும்," என்றாள் சித்தி. கிராம்பு எண்ணெய்ப் பாட்டில் அவள் மடியிலிருந்து வந்தது. அது எதற்கு ஏற்கெனவே மடியில் இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓயாத அழைப்பு. "ரேடியோ, எங்க வீட்டுக்கு வா," "ஏட்டி, எங்க வீட்டு ஆளு என்னமோ பொலம்புறாவ, கேட்டுச் சொல்லு." நான் போவேன், காது வைப்பேன், அந்தந்த ஆளின் குரலில் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிடுவேன். பெண்கள் நம்பினார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓர் ஊரே தலையாட்டிக்கொண்டு நம்புவதைப் பார்க்கும் சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சில வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிடுவார்கள். என் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது போல என்று இருந்துவிட்டேன். ஆம்பிளைகள் மட்டும் ஒவ்வொருத்தராக உள்ளே பாய்ந்து வந்து, "நான் அப்படிச் சொல்லல, இப்படித்தான் சொன்னேன்," என்று கத்தினார்கள். அவர்களை யார் நம்புவது?

படகுக்குக் கடைசிப் பூச்சு பெயின்ட் அடிக்க ஆரம்பித்த நாளில் செலஸ்தீன் அத்தை ஆள் அனுப்பினாள்.

"உக்காருட்டி. எங்க வீட்டுக் கொடத்துலயும் சத்தம் இருக்கான்னு பாரு."

டிரைவர் கேபின் வெளிச்சம் மற்றதைவிடத் தெளிவு. சுவரில் கஸ்பார் மாமா வீலைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒற்றை ஆளாக. விடியுமுன் கிளம்புகிற படகு. முகத்தில் மட்டும் வெளிச்சம், கண்ணாடிக்கு அப்பால் கருப்பு. அவர் வாய் ஓயாமல் அசைந்தது. வருடக்கணக்கில் வீட்டில் ஒரு வார்த்தை பேசாத மனுசன், ஆளில்லாத கேபினில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். நடுநடுவே கையை நீட்டிக் கண்ணாடிக்கு வெளியே எதையோ காட்டினார், காட்டிவிட்டுப் பக்கத்தில் யாரோ நிற்பது போலத் திரும்பிப் பார்த்தார்.

அத்தை சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.  நான் குடத்தில் காதை வைத்தேன், தொழில் தொழில்தானே.

"கேக்குது அத்தை."

"சத்தமாச் சொல்லு. எனக்குக் காது சரியில்ல," என்றாள், ஏலக்கூடத்தின் அந்தக் கோடியில் ஒருத்தர் முணுமுணுத்த விலையை இந்தக் கோடியில் கேட்கிறவள். எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தும் விட்டாள். "காத்து வரட்டும்."

"தொறந்தா வெளிச்சம் வெளுக்கும் அத்தை."

"வெளுத்தா வெளுக்கட்டும்."

சன்னலுக்கு வெளியே கஸ்பார் மாமா கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்து படகு வீல் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பழைய குரலை, கனமாக, அடியிலிருந்து வருகிற குரலை, நான் எடுத்தேன். "செலஸ்தீன்... கடலப் பாத்தா உன் மொகம்தான் தெரியுது... செலஸ்தீன், உன் கையால ஒரு வாய்..."

வெளியே சங்கிலிச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

"இதெல்லாம் சொல்ற ஆளு இல்ல அவிய," என்றாள் அத்தை. "நல்லாக் கேளு. மொகத்தப் பாத்தா திட்டுற மாதிரி இருக்கு."

அடுத்த நாள் திட்டினேன். அதற்கடுத்த நாள், "எனக்குத் தெசையே தெரியாதுப்பா, குத்துமதிப்பாத்தான் படகோட்டுறேன், முன்னால போற படகு பின்னாடியே போயிருவேன்," என்று அவர் வாயால் சொன்னேன். தெருவில் போனவர்கள் நின்று கேட்டுச் சிரித்தார்கள். சன்னலுக்கு வெளியே எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. மாமா எழுந்து நின்றார். வாசல்வரை வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள், அவள் கழுத்து நரம்பு மட்டும் விறைத்திருந்தது. மாமா வாயைத் திறந்தார், மூடினார், திரும்பிப் போய்விட்டார். அத்தை அன்றைக்கு எனக்கு டீ தரவில்லை. "நாளைக்கு வா," என்று மட்டும் சொன்னாள், மூலையில் இருந்த பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டே.

இப்படியே போயிற்று. அத்தை கேட்பாள், நான் அவிழ்த்துவிடுவேன், குடத்தில் வெளிச்சம் நாளுக்கு நாள் இறங்கும், பை நாளுக்கு நாள் நிறையும். ஒரு பெரிய மனுஷியை இத்தனை நாள் ஏமாற்றுகிறேனே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். ஒருநாள் "போகாத செலஸ்தீன்" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் குரல் பாதியில் நின்றுவிட்டது. "அத நீ சொல்லாத," என்றாள்.

படகு இறங்குகிற நாள் வந்தது. கடற்கரையில் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தாயிற்று, கயிறு கட்டியாயிற்று, இழுக்க ஊரே கூடியாயிற்று, டிரைவரைக் காணோம். ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். கஸ்பார் மாமா அந்த மீன் பெட்டியில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. பை வாசலில் இருந்தது.

"ரேடியோ, உள்ள வா. கடைசியா ஒருதரம்."

குடத்தின் அடியில் ஒரு கை வெளிச்சம்தான் மிச்சம். சாய்த்துப் பிடித்தபோது சுவரில் கஸ்பார் மாமா வந்தார், மெலிந்து, ஓரங்கள் கரைந்து. வீலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடிக்கு வெளியே காட்டினார். காட்டிக் காட்டிச் சிரித்தார். இப்படிச் சிரிக்கிற கஸ்பார் மாமாவை நான் பார்த்ததில்லை. வாய் அசைந்தது.

"என்ன சொல்றாவ?" என்றாள் அத்தை.

எனக்கு ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்தடவை.

"போன்னுதான சொல்றாவ?" என்று என் தொடையில் கிள்ளினாள். "போன்னுதான? சத்தமாச் சொல்லு. தெருவுக்குக் கேக்கணும்."

"அத்தை..."

"சொல்லுட்டி!"

கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கனத்த குரலை எடுத்து, சொல்லிவிட்டேன். "போ செலஸ்தீன். போயிரு. நீ போனா எனக்கு ஒண்ணும் இல்ல."

வெளியே சங்கிலி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. வாசலில் இருந்த வெயில் மறைந்தது.

"பொய்."

அது என் தொண்டையில் இருந்த குரல் இல்லை. நான் வைத்திருந்தது பழைய கஸ்பார் மாமா. இது வேறு குரல். நாள்பட மூடிக்கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் காற்றும் துருவும் வருமே, அப்படி வந்தது.

"பொய். நான் அப்படிச் சொல்லல."

செலஸ்தீன் அத்தை மெதுவாகத் திரும்பினாள். பூனை மடியில்தான் இருந்தது, பூனையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"அப்ப என்ன சொன்னீரு?"

"ஓங்கல்..." என்றார் மாமா. டால்பினை எங்கள் கடலில் ஓங்கல் என்போம். "ஓங்கல் கூட்டமா... நான்..." பேசிப் பழக்கம் விட்டுப்போன வாய், அதற்குமேல் வரவில்லை. எண்ணெய்க் கையால் சுவரைக் காட்டினார். நெஞ்சைத் தொட்டார். கண் நிறைந்துவிட்டது.

அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் குரலில், நிதானமாக, சுவரில் அசைகிற அந்த வாயோடு கூடவே சொன்னாள்:

"'செலஸ்தீன், அந்தா பாரு, ஓங்கல் கூட்டம். குட்டி ஒண்ணு பின்தங்கிட்டு. தாய் நின்னு நின்னு கூட்டிட்டுப் போவுது பாரு. நீ பாத்தா சிரிப்ப.'"

'சிரிப்ப' என்று அவள் முடித்த இடத்தில் சுவரில் அந்த உதடு மூடிற்று. ஒரு எழுத்து முந்தவில்லை, பிந்தவில்லை. அதோடு குடத்தில் வெளிச்சமும் தீர்ந்தது.

மாமா அப்படியே நின்றார். "தெரியுமா?"

"மொத நாளே தெரியும். மழ வருது பாருன்னீரு, கப்பல் போவுது பாருன்னீரு, காலையில ஒரு பறவ வந்து கண்ணாடியில உக்காந்துட்டு அதையும் பாருன்னீரு. எல்லாம் பாத்துட்டேன்."

"பொறவு ஏன் பைய எடுத்து வச்ச?"

"செவுத்துல பேசுற மனுசனோட எப்படிக் குடும்பம் நடத்துறது? என் மூஞ்சியப் பாத்துப் பேசணும்லா? தானா வரமாட்டீரு. நீரு சொல்லாதத உம்ம குரல்ல யாராவது சொன்னாத்தான் ரோசம் வரும்னு தெக்லா வீட்டுலயே பாத்துட்டேன்."

கஸ்பார் மாமா வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். "போப்பா," என்றார் ஆட்டோக்காரரிடம், இரண்டு தரம், ஒருதரம் ஆட்டோவுக்காக, ஒருதரம் சும்மா பேசிப் பார்ப்பதற்காக. அப்புறம் அத்தையிடம், "படகு எறங்கணும். வாரியா?" என்றார். அத்தை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

நான் வெறுங்குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை, சத்தம்... ஒங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எதுக்குக் கேக்கணும்?" என்றாள் அவள், முடியை முடிந்துகொண்டே. "படகு ஜெட்டிக்கு வரும்போது மெஷின் போடுற சத்தத்துல எவ காதுல என்ன விழும்? படகு முன்னால அணியத்துல நிக்கிறவன் வாயப் பாத்துத்தான் சாளையா, சீலாவான்னு தெரிஞ்சு முந்திக் கூடையப் போடுறோம். இந்த ஊர்ல எந்தப் பொம்பளைக்குட்டி அப்படி மீன் வாங்காதவ? நீதான் அங்க வந்தும் கண்ண மூடிட்டு நிப்ப."

எந்தப் பொம்பளைக்குட்டி. தலைக்குள் ஒவ்வொரு வீடாகச் சன்னல் திறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் குடத்தில் காதை வைத்து, கண்ணைச் செருகி, "கேக்குது" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், சுற்றி அத்தனை பேரும் சுவரில் படித்ததைப் படித்துவிட்டு அவள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். சன்னல் நிறையப் பெண்கள். படகு இழுக்கப் போகவேண்டியவர்கள் எல்லோரும் அங்கே நின்று, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நின்றார்கள். முன்னால் தெக்லா சித்தி. அவள் மட்டும் முந்தானையை எடுத்தாள். சத்தமே போடாமல், என்னைப் பார்த்து, உதட்டை மட்டும் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அசைத்தாள். நான் இமைக்காமல் அந்த உதட்டைப் பார்த்தேன்.

'என்ன ரேடியோ,' என்றது உதடு, 'இப்பக் கேக்குதா?'